ஊதாத் தேயிலையும் மலைத் தண்ணீரும்

நம் சோதனை அறையில், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலுக்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. ‘எதோடு எது?’ என்று இரண்டே சொல், கோணல்மாணலான கையெழுத்து. போன மாதம் நான் எட்டிப் பார்த்தபோது உங்களில் ஒருவர் அதைக் காட்டி, “அண்ணே, இது தேயிலை ஆபீஸா, கல்யாணத் தரகர் ஆபீஸா?” என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அதை எழுதியது நான்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. என் கையெழுத்து அதைவிட அழகு. அதை எழுதியவர் வேறு ஆள், அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

எத்தனை கிராம் இலை, எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது சுவரில் இன்னொரு காகிதத்தில் தெளிவாக இருக்கிறது, மறந்தால் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இலையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல இப்போது இயந்திரமும் வந்துவிட்டது. ஆனால் இயந்திரம் கொடுக்கிற எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் என் நாக்கைப் பற்றி. அடக்கமெல்லாம் எனக்கு வராது. பத்துக் கோப்பையை வரிசையாக வைத்தால் எது மழைக்கு முன்னால் பறித்தது, எது பின்னால் பறித்தது என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்லுவேன், வேண்டுமானால் வைத்துப் பாருங்கள். என் வேலைக்காலத்தில் பெரிய பிழை என்று இரண்டுதான் செய்திருக்கிறேன். இரண்டிலும் நாக்குமேல் குற்றமில்லை.

முதல் பிழை நான் சேர்ந்த புதிதில். அப்போது நம் கம்பெனிக்குச் சொந்த நாற்றங்கால் இருந்தது. ஒரு வரிசையில் பாதிக் கன்றுகள் வெளிறிய மஞ்சளாகத் தளிர் விட்டிருந்தன. மண்ணில் சத்து இல்லாவிட்டால் மஞ்சளிக்கும், வேர் அழுகினாலும் மஞ்சளிக்கும். நான் இரண்டில் ஒன்று என்று முடிவு செய்து, நோய் என்று எழுதி, எல்லாவற்றையும் பிடுங்கிக் குழியில் போடச் சொன்னேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, பிறவியிலேயே பச்சையம் குறைந்த தேயிலை வகை உலகத்தில் இருக்கிறது என்று. அந்தத் தளிரில் துவர்ப்பு குறைவு. தியானைன் என்கிற அமினோ அமிலம் கூடுதல், வாயில் இனிப்பாகக் கரைகிற சுவையைத் தருவது அதுதான். அந்த மாதிரி ஒரு செடிக்காக ஆலாய்ப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளச் சொன்னவன். சரி, அன்றைக்கு யாருக்கும் தெரியாத விஷயம்தானே என்று என்னை நானே மன்னித்துக்கொண்டேன். அந்தக் கணக்கு முடிந்தது என்றும் நினைத்தேன்.

இரண்டாவது பிழைதான் இந்தக் காகிதத்தின் கதை.

எஸ்தரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அம்மா அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். முதலாளிகள் தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது குடும்பம் வெளியே வந்தது. எஸ்தர் நம் நாற்றங்காலில் சில வருஷம் வேலை பார்த்தார், பிறகு தம்பி டேவிட்டோடு சேர்ந்து சொந்தமாகத் தோட்டம் போட்டார். சிம்பாங் பூலாயிலிருந்து மலைக்குப் போகிற சாலையில், பேராக் மாநில எல்லை முடிவதற்கு முன்னால், குத்தகைக்கு எடுத்த ஒரு சரிவு. டேவிட் ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டிப் பழகிய ஆள். அதிகம் பேச மாட்டார், செடியைத் தொட்டால் மட்டும் முகம் மலரும். நாற்பதைத் தாண்டிய மனிதர், செடியிடம் பேசுவதில் நாலில் ஒரு பங்கு கூட மனிதர்களிடம் பேசியதில்லை என்று அக்காவே கேலி பண்ணுவார்.

அவர்கள் போட்டது ஊதாத் தேயிலை. தளிரும் முதல் இரண்டு இலையும் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் இருக்கும், முற்ற முற்றப் பச்சையாகும். தண்டிலும் அந்த நிறம் ஓடும், பூ இதழில் கூட லேசாக ரோஜாச் சாயல் தெரியும். இதற்கெல்லாம் காரணம் அந்தோசயனின் என்கிற நிறமி. நாவல் பழத்திலும் சிவப்புக் கோசிலும் இருப்பது இந்த வகை நிறமிதான். புளிப்புப் பட்டால் சிவக்கும், சமையல் சோடா மாதிரிக் காரம் பட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். நாக்கில் வைத்தால் ஊதாத் தேயிலை பொதுவாக நல்ல துவர்ப்பு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் நம் கம்பெனி மூலமாக அந்தத் தேயிலையை வாங்க வந்தார்கள். இலை சுத்தமானது, வேறொன்றும் சேர்க்கவில்லை என்று சோதனை அறிக்கை கேட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். எஸ்தருக்கு அந்த அறிக்கையைவிட அவசரம் வேறு இருந்தது. நிலக் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும், நிலையாக வாங்குகிறவர் இருக்கிறார் என்று கடிதம் காட்டினால்தான் நில அலுவலகம் விண்ணப்பத்தை ஏற்கும், அதற்கு அந்த வாரத்தோடு கெடு முடிய இருந்தது. கடிதம் இல்லாவிட்டால் தோட்டம் போய்விடும். இது எனக்குத் தெரியும். அதனால்தான் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன்.

அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் கட். நாம் சோதனைக்குப் பயன்படுத்துகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஸ்டோரில் இருந்தது, ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் காம்பார் ஊருக்குப் போயிருந்தார். நான் கலங்கவில்லை. என் கார் பின்பெட்டியில் இரண்டு கேன் மலைத் தண்ணீர் இருந்தது. சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் குழாய் போட்ட ஊற்று ஒன்று உண்டு, வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பிடித்துவருவேன். நம் ஊர் ஈப்போக்காரனுக்கு அந்தத் தண்ணீர்மேல் ஒரு கர்வம். நம் தவ்கே, அதாவது பயற்று முளைகள், ஏன் அப்படிக் குண்டாக இருக்கின்றன என்று வெளியூர்க்காரன் கேட்டால், “எல்லாம் எங்க மலைத் தண்ணிலா” என்று சொல்லித்தான் வளர்ந்தோம். உலகத்திலேயே நல்ல தண்ணீர் என்று நினைத்துத்தான் கேத்தலில் ஊற்றினேன்.

கோப்பையில் நீலம் கலந்த சாம்பல் நிறம் வந்தது.

ஊதாத் தேயிலைச் சாறு நான் முன்னால் பார்த்திருக்கிறேன், இளம் ரோஜாவும் ஊதாவும் கலந்து மெல்லிசாக இருக்கும். இது நீலம். மலேசியாவில் நீலம் என்றால் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான் ஞாபகம் வரும்: சங்குப்பூ, அதாவது புங்கா தெலாங். சோற்றையும் பலகாரத்தையும் நீலமாக்குகிற பூ. எஸ்தர் தோட்டத்து வேலி முழுக்க அந்தக் கொடிதான், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எலுமிச்சை பிழிந்தேன், சாறு ரோஜா நிறமானது. சங்குப்பூவும் அப்படித்தான் மாறும். சுவைத்தேன். துவர்ப்பு இல்லை, இனிப்பு. ஊதாத் தேயிலை எப்படி இனிக்கும்? சாதாரண நல்ல தேயிலைக்குச் சங்குப்பூச் சாயம் ஏற்றினால்தான் இப்படி வரும் என்று மனசு வேகமாக ஓடியது.

இருந்தாலும் நான் நியாயவான் என்று என்மேல் எனக்கு ஓர் எண்ணம். தோட்டக்காரரிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று எஸ்தருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, சாம்பிள் பாத்தாச்சாண்ணே? எப்படி இருக்கு?”

“பாத்துக்கிட்டு இருக்கேன். ஒன்னு கேக்கணும். இதுல ஏதும் சம்போர் இருக்கா?”

“ஆமாண்ணே, சம்போர்தான். டேவிட் பண்ணது. முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சுலா.”

சம்போர் என்றால் கலந்தது. சோற்றுக் கடையிலிருந்து சிமெண்டு வரைக்கும் கலப்பு எதுவானாலும் நமக்கு மலாய்ச் சொல் சம்போர்தான் வாயில் வரும். நான் கேட்டேன், அவர் ஒப்புக்கொண்டார், செய்த ஆளின் பெயரையும் சொல்லிவிட்டார். குரலில் கொஞ்சம் கூடக் கூச்சம் இல்லாததைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். ‘இலையுடன் சங்குப்பூச் சாயம் கலக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்தேன். பதினொரு மணிக்கு அவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் எஸ்தருக்கு அனுப்பினார். நான் சோதனை நாளில் எப்போதும் செய்கிற மாதிரி போனை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினேன்.

ஆபீசுக்கு எதிரே இருக்கிற நானாவின் தேநீர்க் கடை உங்களுக்குத் தெரியும். அப்போது அவருடைய அப்பா கல்லாவில் இருந்தார், இப்போது கல்லாவில் இருக்கிற நானாதான் அன்றைக்குத் தேநீர் ஆற்றுவார். எனக்கும் அவருக்கும் ஆகாது. நான் தேயிலை சோதிக்கிறவன் என்று தெரிந்து ஒவ்வொரு கிளாசையும் என் முன்னால் வைத்துவிட்டு, “மார்க்கு போடுங்க சார்” என்று வம்புக்கு இழுப்பார். அன்றைக்குத் தே ஓ லிமாவ் கேட்டேன். பாலில்லாத கறுப்புத் தேநீரும் எலுமிச்சையும் தனித்தனியாக வந்தன.

“எலுமிச்சைய ஏன் தனியா வச்சீங்க?”

“இல்லாட்டி கோவிச்சுக்குவீங்கள்ல. தண்ணி கட், மலைத் தண்ணியிலதான் போட்டேன். அதுல போட்டா தே ஓ தார் மாதிரி கறுத்துரும். நான் பழைய தூள் போட்டேன்னு நீங்க சொல்லக் கூடாதுல்ல? உங்க கையாலயே புழிஞ்சு பாருங்க.”

பார்த்தேன். கிளாசின் மேல் ஏடு மாதிரி ஒன்று மிதந்தது, நிறம் கறுப்பு. எலுமிச்சை பிழிந்ததும் கண் முன்னாலேயே தெளிந்து செம்பொன் நிறத்துக்கு வந்தது.

“அதே தூள்தான்,” என்றார் நானா. “தண்ணிதான் சார் பொய் சொல்லுது.”

அவர் என்னை வழக்கம்போல் சீண்டத்தான் சொன்னார். காலையில் நான் ஊற்றியதும் அதே தண்ணீர்தான். சுண்ணாம்பு மலைத் தண்ணீர். கொதிக்க வைத்தால் காரம் இன்னும் ஏறும். காரம் பட்டால் இந்த நிறமி நீலமாகும் என்று நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! கேத்தலின் அடியில் காலையில் பார்த்த வெள்ளைப் படிவு ஞாபகம் வந்தது. பார்த்தேன், துடைத்தேன், அதோடு மறந்தேன். கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினேன்.

ஸ்டோர் கதவில் இப்போது ஒரு பெரிய பூட்டு தொங்குகிறதே, பழைய பூட்டை உடைத்தவன் நான்தான், சுத்தியலால். வடித்த தண்ணீரை எடுத்துப் புதுக் கேத்தலில் கொதிக்க வைத்து, அதே பொட்டலத்து இலையைப் போட்டேன். இளம் ரோஜா. நீலத்தின் சாயல் கூட இல்லை. இன்னொரு சிட்டிகை இலையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மேலே ஏற்றிய சாயமாக இருந்தால் போட்டவுடன் புகைபோல் நிறம் இறங்கியிருக்கும். தண்ணீர் தெளிவாகவே கிடந்தது. காலையில் ஊறின இலையைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி வெள்ளைத் தட்டில் விரித்தேன். அவ்வளவு கொதித்த பிறகும் ஓரத்திலும் அடிப்புறத்திலும் ஊதா அப்படியே உள்ளே இருந்தது. இதைக் காலையில் ஒருமுறை விரித்துப் பார்க்க அரை நிமிடம் கூட ஆகியிருக்காது.

இழுப்பறையைத் திறந்தேன். எஸ்தர் நாலு தடவை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன்.

“எஸ்தர், காலையில சம்போர்னியே, எதோட எதைக் கலந்தீங்க?”

எஸ்தர் அழுகிற குரலில் சொன்னார்.

“செடியண்ணே. ரெண்டு செடிய சம்போர் பண்ணான். ஊதாப் பூவுல இன்னொரு செடி மகரந்தத்த வச்சு, காயிதப் பை கட்டி, வெத எடுத்து மொளைக்க வச்சான். எத்தன வருஷமாப் பண்றான் தெரியுமா? அதத்தான் நீங்க கேக்குறீங்கன்னு நெனைச்சேன்.”

“அப்புறம் ஏன் அழுற? நான் சரி பண்றேன். தப்பு என்மேலதான்.”

“நீங்க சரி பண்ணுவீங்கண்ணே. நான் எப்படி சரி பண்ணுவேன்? உங்க காயிதத்தப் பாத்துட்டு, நீதான் பூவக் கலந்தியான்னு அவனக் கேட்டுட்டேன். எல காய வைக்கிற தட்டுலதான் போன வாரம் வேலிப் பூவக் காய வச்சான். கள்ளன்னு சொல்லிட்டேன்ணே, கூலிக்கு வந்தவங்க எதுருல. மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டான். போனையும் அடைச்சுட்டான்.”

அப்போது மணி இரண்டரை.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பிழை செய்வதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வோம். அதைத் திரும்ப எடுக்கிற விதத்தில்தான் ஆளைத் தெரியும். மேனேஜர் நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

“ஏன்ணே பதறுறீங்க? சாம்பிள் மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிருங்க. யாருக்கும் அசிங்கம் இல்ல. எல்லாம் செட்டல்லா.”

“யார் மாத்துனான்னு கேப்பாங்க. என்ன சொல்றது?”

“யாரும் மாத்தல, மாறிப்போச்சு.”

தானாக எதுவும் மாறாது. மாறிப்போச்சு என்று எழுதினால் அந்த வார்த்தை எங்காவது போய் உட்காரும். பொட்டலம் கட்டிய எஸ்தர்மேல் உட்காரும், இலை காய வைத்த டேவிட்மேல் உட்காரும், என்மேல் மட்டும் உட்காராது. நான் வேறு காகிதம் எடுத்து எழுதினேன்: ‘காலை அறிக்கை தவறு. சோதித்தவர் சுண்ணாம்புத் தண்ணீரைப் பயன்படுத்தினார். இலையில் எந்தக் கலப்படமும் இல்லை.’ சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் போட்டேன். மூன்று மணிக் கூட்டத்தில் நானே எழுந்து அதைப் படித்தேன்.

வந்தவர்களில் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார். காலை அறிக்கை தவறு என்றால் பிற்பகல் அறிக்கையை எப்படி நம்புவது? நான் சொன்னேன், என்னை நம்ப வேண்டாம், நாளைக் காலை தோட்டத்துக்கு வாருங்கள், உங்கள் கையால் பறியுங்கள், நீங்கள் கொண்டுவருகிற தண்ணீரிலேயே போட்டுக் குடியுங்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அந்தச் செடியை உண்டாக்கியவர் அங்கே இருப்பாரா, அவரிடம்தான் நாங்கள் பேச வேண்டும் என்றார்கள். இருப்பார் என்று சொன்னேன். டேவிட் எங்கே இருக்கிறார் என்றே எனக்கு அப்போது தெரியாது.

வடக்கே பாரிட் புந்தாரில் டேவிட்டுக்குப் பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், வயல் வேலைக்காரர், வேறு போக்கிடம் இல்லை என்று எஸ்தர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் காரை எடுத்தேன். வெயில் தாழ்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாய்க்கால் கரையில் ஒரு நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டு, கையெல்லாம் எண்ணெயாக டேவிட் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், நீலம், சம்போர், கூட்டத்தில் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும். கடைசியில் மன்னிச்சிருங்க டேவிட் என்றேன். எனக்குப் பதினைந்து வருஷம் சின்னவர். அந்த வார்த்தையைச் சொல்லும்போது வயது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

அவர் துணியில் கையைத் துடைத்தார்.

“சம்போர்னு அக்கா சொன்னப்ப, எதோட எதுன்னு கேட்டீங்களாண்ணே?”

“கேக்கல.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. ஊதா ஒன்னு, மஞ்ச ஒன்னு. அந்த மஞ்ச எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“உங்க நாத்தங்கால்லேருந்து. நீங்க நோய்னு எழுதிக் குழியில போடச் சொன்னீங்களே, அதுல மூணு கன்னுகள அக்கா துணியில சுத்திக் கொண்டாந்தாங்க. இதுக்கு நோய் இல்லடா, இதோட நெறமே இதுதான், அண்ணனுக்குப் புரியல, நீ வளத்துப் பாருன்னு என் கையில குடுத்தாங்க.”

இனிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் குழியில் போட்ட செடியின் சுவையைத்தான் அன்று காலையில் நானே கோப்பையில் வைத்துக் குடித்தேன், குடித்துவிட்டு அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எழுதினேன். டேவிட்டுக்கு இன்னும் ஒன்று சொல்ல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“செடி விசயத்துல உங்க எழுத்த அக்கா நம்பல. என் விசயத்துல நம்பிட்டாங்க பாத்தீங்களா. அதான்ணே தாங்கல.”

அந்த வாய்க்கால் கரையில் நான் அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. நம் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கூடப் பிறந்தவர்கள் நாற்பது வருஷம் பழகியதைவிட என் ஒரு வரியை அந்தப் பெண் பெரிதாக நினைத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் ஒரு கேள்வியைப் பாதியில் நிறுத்தினேன்.

கடைசியில் டேவிட் இயந்திரத்தை மூடி எழுந்தார். “காலையில வாரேன். உங்களுக்காக இல்ல, செடிக்காக,” என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் நான் எஸ்தரோடு தோட்டத்து வாசலில் நின்றபோது மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டது. டேவிட் இறங்கினார். எஸ்தர் ஓடிப் போகவில்லை, அழவும் இல்லை. கையில் இருந்த கூடையை நீட்டி, “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டார். டேவிட் கூடையை வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் தங்கள் கையால் பறித்தார்கள், ஆவியில் காட்டிக் காய வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், புட்டியில் கொண்டுவந்த தண்ணீரில் போட்டுக் குடித்தார்கள். ஊதாத் தேயிலை எப்படி இப்படி இனிக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டார்கள். டேவிட் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மஞ்சள் செடியின் கதையைச் சொல்லி என் மானத்தை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். “ரெண்டு நல்ல செடி சேந்தா அப்படித்தான்,” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். கெடு முடிவதற்கு முந்தின நாள் கடிதம் நில அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டம் இன்றைக்கும் அவர்களிடம்தான் இருக்கிறது.

அதன் பிறகு கார் பின்பெட்டித் தண்ணீரைச் சோதனை அறைக்குள் நான் கொண்டுபோனதில்லை. நானா கடைக்குப் போய் அவருடைய தே ஓவுக்கு முழு மார்க்கு போட்டேன், அதை அவர் இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்களும் இந்தக் கதையைத் தண்ணீர்க் கதை என்று எடுத்துக்கொண்டு வடித்த தண்ணீரைப் பிடித்துவைப்பதோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீர் சரியாக இருந்திருந்தாலும், போனில் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நான் வேறு ஏதாவது சாட்சியைத் தேடிக் கண்டுபிடித்திருப்பேன். எதிரில் இருக்கிறவர் ஆமாம் என்று சொன்னவுடன் நமக்கு ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுகிற வாரத்தில் டேவிட் சோதனை அறைக்கு வந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு காகிதமும் பேனாவும் கேட்டார், எழுதினார், கேத்தலுக்கு மேலே அவரே ஒட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கன்றை எடுத்து என் மேசையில் வைத்தார், வெளிறிய மஞ்சள் தளிர். ஈப்போ வெயிலில் என் வீட்டு வாசலில் அது நன்றாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் செடிக்கு ஏதோ நோய் என்கிறார்கள். இல்லை, அதன் நிறமே அதுதான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.